கண்ணகை சொன்ன ‘போகாதீர்’

தமிழ்நாட்டு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு ஒன்றை எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில் வாசலில் படிக்கலாமா, கூடாதா? போன வைகாசியில் எங்கள் குடும்பத்துக்குள் தொடங்கிய இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. கடல் கடந்து வாழும் மச்சாள்மார் வரை போய், வாட்ஸ்அப் குரல்பதிவுகளாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கேட்கிறவர்களில் பலருக்கு இது சின்ன விசயம். எனக்கு அப்படி இல்லை. சனங்களுக்காகப் பாட்டுக் கட்டிய ஒருவரைப் புலவருக்கும் பக்தருக்கும் ஒரு படி கீழே நிறுத்தியே நாம் பழகிவிட்டோம். அது சரிதானா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று யோசித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். சடங்கின் பொங்கலுக்கு நெல் குற்றும் வேலை. பெண்கள் உரலைச் சுற்றி நின்று மாறி மாறி உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெரியம்மா தன் முறை முடிந்து, சுளகை எடுத்துக்கொண்டு புடைக்க உட்கார்ந்தார். கை ஓடும்போது அவருக்கு வாய் சும்மா இருக்காது. அன்று வந்தது, ‘மாபாவியோர் கூடி வாழும் மதுரைக்கு மன்னா போகாதீர்’. முதலில் வாய்க்குள், பிறகு சுளகின் தட்டலுக்கு ஏற்ப நல்ல குரலெடுத்து. உலக்கை போட்டவர்கள் கூடச் சற்று மெதுவாக்கிக் கேட்டார்கள். அந்நேரம், கோயிலில் அம்மாளின் கதையான வழக்குரை ஏட்டைப் படிக்கும் பெரியவர் அந்தப் பக்கம் வந்தார். “தங்கச்சி, அம்மாள்ற வாசல்ல டிறாமாப் பாட்டுப் படிக்காதகா” என்றார். கோபம் இல்லை, கண்டிப்பு இருந்தது. “சரி அண்ணன்” என்று பெரியம்மா நிறுத்திவிட்டார். பின்னேரம் நான் பெரியவரிடம் போய், அதுவும் அம்மாளின் கதைதானே என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மாள் ஆரையும் கெஞ்சமாட்டா, மகள்.”

அந்தப் பதிலை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். எங்கள் பக்கத்தில் கண்ணகை என்று கும்பிடும் கண்ணகி ஒரு காப்பியத்தின் தலைவி அல்ல. தம்பிலுவில், காரைதீவு, கல்லாறு, எருவில், செட்டிபாளையம் என்று எழுவான்கரை எனப்படும் கிழக்குக் கரை நெடுக இருந்து, வைகாசியில் கோயில் கதவு திறந்ததும் ஊரையே விரதத்துக்குள் கொண்டுவருகிற தாய் அவள். துணியில் சுற்றி வைத்த ஏடும் கொப்பியும் அந்த நாட்களில்தான் வெளியே வரும். படிக்கிறவர் நோன்பிருந்து படிப்பார். கேட்கிற நாமும் கதை கேட்பது போலக் கேட்பதில்லை. பாண்டியன் முன் அவள் வழக்குரைக்கும் இடம் வரும்போது முதுகு தானாக நிமிரும். அதற்குப் பிறகு குளிர்த்தி. கொதித்தவளைக் குளிரவைத்து அனுப்பினால்தான் மழையும் விளைச்சலும், அம்மை வராமல் பிள்ளைகளும். இப்படிப்பட்ட வாசலில், ஆர்மோனியத்தோடு பிறந்த ஒரு பாட்டு வந்து நிற்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தலில் நியாயம் உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம் அது அல்ல. கெஞ்சமாட்டாள் என்பதுதான் அவர் காரணம். அதில்தான் எனக்கு மனம் ஒட்டவில்லை.

உப்புக் கணக்கரின் கண்ணகி

சங்கரதாஸ் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தகப்பன் தாமோதரத் தேவர், இராமாயணப் புலமையால் பேர்பெற்றவர். மகன் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் கைவந்த அந்த இளைஞனுக்குக் கிடைத்த வேலை உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதுவது. 1891இல், இருபத்து நான்கு வயதில், அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் அது எப்படிப்பட்ட இறக்கம் என்று யோசித்துப் பாருங்கள். முறையாகத் தமிழ் படித்த ஒருவர் கூத்தாடியோடு போவதா என்று உறவினர் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். ஆள் நல்ல உயரம், கணீரென்ற குரல். எமனும் சனீஸ்வரனும் அவருக்குப் பேர்போன வேடங்கள். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் வந்து நின்றதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கருக் கலைந்துவிட்டதாகவும், அதன் பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டதாகவும் சொல்வார்கள். எழுதுவதும் பழக்குவதும்தான் மிச்ச வாழ்க்கை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெயரிலேயே பால சபை. நடிக்கிறவர்கள் சின்னப் பையன்கள். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகர் அவ்வை சண்முகமும் அவரது சகோதரர்களும் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான். சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் என்பது நாடக உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. ஊர் ஊராகப் போன சபையோடு அவரும் போனார். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். ஒரு தலைமுறை நடிகர்களுக்கு வாய்ப்பேச்சு முழுக்க எழுதிக் கொடுத்தவர் பேச்சில்லாமல் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த அந்தக் காலத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சரி, கோவலனுக்கு வருகிறேன். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளியிட்டது 1892இல், சங்கரதாஸ் நாடகத்துக்கு வந்த அடுத்த வருடம். ஆனால் அவர் எழுதிய கோவலன் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ஊர்களில் பாட்டாகவும் கதையாகவும் ஓடிக்கொண்டிருந்த கோவலன் கதையிலிருந்து வந்தது. இதைச் சொல்லித்தான் படித்தவர்கள் அவரைக் குறை சொன்னார்கள். இளங்கோ எங்கே, இந்தக் கட்டுக்கதை எங்கே என்று. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்தக் குறையை நாம் சொல்ல முடியாது. எங்கள் வழக்குரையில் அம்மாள் மாங்கனியில் பிறந்தவள். பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள். கோவலன் உயிர் மீட்கப்படுகிறான். அதற்கென்று உயிர்மீட்புக் காதை என ஒரு பகுதியே இருக்கிறது. வி. சீ. கந்தையா 1968இல் வழக்குரை காவியத்தை அச்சில் கொண்டுவந்தபோது, இளங்கோவின் கதைக்கும் எங்கள் கதைக்கும் உள்ள தூரத்தை வெளியுலகமும் பார்த்தது. அதாவது, பெரியவர் கையிலிருக்கும் ஏடும் சங்கரதாஸின் நாடகமும் ஒரே குடும்பம். இரண்டும் சனங்களின் வாயில் வளர்ந்த கோவலன் கதையிலிருந்து கிளைத்தவை. ஒன்று கோயிலுக்குள் போனது, மற்றது கொட்டகைக்குப் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணகை அம்மன் குடியிருக்கும் அதே காரைதீவில், சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892இல்தான் விபுலாநந்த அடிகள் பிறந்தார். அவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் என்ற இசை ஆய்வு நூலைத் தந்தார். மறைந்துபோன இசையை மீட்கும் வேலை அது. அதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த அளவு மதிப்பில் பத்தில் ஒரு பங்காவது, மறையாமல் சனங்களின் வாயில் இருந்த இசைக்குப் பாட்டுக் கட்டியவருக்குக் கொடுத்தோமா? எங்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் சங்கரதாஸ் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போய்விடுவார்.

கொட்டகையின் கடைசி வரிசைக்கு

‘மாபாவியோர்’ பாட்டைப் பற்றி நாடகக்காரர் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. மதுரையிலேயே அந்த நாடகம் நடந்தபோது, எங்கள் ஊரைப் பாவிகள் வாழும் ஊர் என்று பாடுவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. சுவாமிகள் அசரவில்லை. மா, பா, வி என்று பிரித்து அலைமகள், கலைமகள், மலைமகள் மூவரும் கூடி வாழும் மதுரை என்று பொருள் சொல்லிக் கூட்டத்தை அடக்கிவிட்டார். இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரது சாமர்த்தியத்தைத்தான் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. பயந்துபோன ஒரு பெண்ணின் வாயில் அந்த வரி பாவிகள் என்றுதான் ஒலிக்க வேண்டும். எழுதும்போது அவர் கேட்டதும் அந்தக் குரலைத்தான் என்று நினைக்கிறேன். சபையைச் சமாளித்தது புலவர். வரியை எழுதியது நாடகக்காரர்.

அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மா, பா, யோ, கூ, வா என்று நெடில் நெடிலாக வாய் திறந்துகொண்டே போகும். ‘மதுரைக்கு’ என்ற இடத்தில் மட்டும் சட்டென்று ஒடுங்கும். உடனே ‘மன்னா’ என்று மறுபடி திறந்து, ‘போகாதீர்’ என்பதில் மூன்று நெடிலும் மூன்று நீளமாக இழுபடும். பத்து வயதுப் பையன் ஒருவன் சேலை கட்டி, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், காலால் மிதிக்கும் ஆர்மோனியத்துக்கு மேலே குரலெடுத்துக் கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்க வைக்க வேண்டும். மூச்சு எங்கே எடுக்கலாம், குரல் எங்கே நிற்கலாம் என்பதை வரியே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. யாப்புப் படித்த கை அது. படிப்பை அவர் வெளியே காட்டவில்லை, பையனின் நெஞ்சுக்கூட்டுக்கு ஏற்பக் கரைத்துக் கொடுத்தார்.

எங்கள் கூத்தில் இந்தத் தேவை வேறு விதமாகத் தீர்ந்தது. களரி என்ற கூத்து மேடையில் அரசனோ அரசியோ தரு என்ற பாட்டைப் படித்தால், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்கிப் படிப்பார்கள். மத்தளமும் சல்லரியும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு வரியைப் பலர் சுமப்பார்கள். சங்கரதாஸின் பாட்டில் ஒருத்தி தனியாக நிற்கிறாள். பிற்பாட்டு இல்லை. அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குள் தனியாக வேலை செய்யும் பெண்களின் வாயில் அது இவ்வளவு எளிதாக வந்து உட்கார்ந்தது. கப்பலேறி வந்த நாடகக் கம்பனிகள், பிறகு இசைத்தட்டு, பிறகு றேடியோ என்று அது எந்த வழியால் வந்திருந்தாலும், தங்கியது சுளகின் பக்கத்தில்.

இளங்கோவும் பெரியம்மாவும்

பெரியவரின் சொல் மனதில் கிடந்ததால் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்தேன். கண்ணகி உண்மையில் எங்கேயாவது ‘போகாதீர்’ என்று சொல்கிறாளா என்று பார்க்கத்தான். சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட கனவு வருகிறது. அதைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள், கணவனிடம் சொன்னதாகக் காட்சி இல்லை. அவன் திரும்பி வந்து வெட்கப்படும்போது, ‘சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள். மதுரைக்கு எழு என்றதும் எழுந்துவிடுகிறாள். ஆயர் வீட்டில் சமைத்து, குமரி வாழைக் குருத்தை விரித்துச் சோறிடுகிறாள். சாப்பிட்டு முடிந்ததும் வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். நீங்கள் செய்தது சரியில்லை, ஆனாலும் மாற மனமில்லாதவள் ஆனபடியால் எழுந்து வந்தேன் என்று ஒரே ஒரு முறை, மிகச் சுருக்கமாகச் சொல்கிறாள். அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான். திமில் காளை எதிரே வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவன் குலத்துக்குத் தெரியாது. அவள் தடுக்கவே இல்லை. இளங்கோவின் பெருமை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. பிறகு அவள் வாய் திறக்கும்போது ஒரு நகரம் எரிகிறது.

இதைப் பெரியம்மாவிடம் சும்மா கதையாகச் சொன்னேன். அவர் சிலப்பதிகாரம் படித்தவர் இல்லை. அவருக்குக் கோவலன் கதை வழக்குரையிலும் பாட்டிலும் தெரிந்தது. முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். வாழைக் குருத்தில் சோறு போட்டதையும் வெற்றிலை கொடுத்ததையும் சொன்னபோது பாக்குவெட்டி நின்றது.

“மறுகா?” என்றார், பிறகு என்ன என்பது போல.

“ஒண்டும் சொல்லல்ல. அவன் போயிற்றான்.”

“நானும் அப்படித்தான் புள்ள. சோறு குடுத்தன். வெத்திலை மடிச்சுக் குடுத்தன். மனம் சரியில்லாமத்தான் கிடந்த. போகாதீங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல.”

1990. போர்க்காலம். அந்த வருடத்து ஆவணி, புரட்டாதி மாதங்களை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியப்பா நிலுவையில் இருந்த சம்பளத்தை எடுத்துவரலாம் என்று காலையில் சைக்கிளில் டவுனுக்குப் போனார். சைக்கிளும் வரவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர் போன அன்று காலையில் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் பெரியம்மாவிடம் கேட்டதும் இல்லை. அந்தப் பாட்டு எவ்வளவு காலமாக அந்த வீட்டில் இருந்தது என்பதும், அதற்குள் அவர் என்ன வைத்திருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “கண்ணகை சொன்னா. நான் சொல்லல்ல” என்றார். பிறகு பாக்கைச் சீவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு சங்கரதாஸின் பாட்டை என்னால் பழைய மாதிரிக் கேட்க முடியவில்லை. இளங்கோ சொல்லாமல் விட்ட இடத்தில் ஒரு நாடகப் பாட்டுக்காரர் அவளைப் பேச வைத்தார். மேடைக்குத் தேவை என்று எழுதியிருப்பார். கணவன் புறப்படுகிறான், பெண் வேடக்காரனுக்கு ஒரு பாட்டு வேண்டும், இவ்வளவு யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், சொல்லாமல் விட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. சொல்லியிருந்தால் பெரியப்பா நின்றிருப்பாரா என்பது வேறு. நாடகத்திலும் கோவலன் நிற்பதில்லை. ஆனால் சொன்னாள் என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெரியம்மா நெல் புடைக்கும்போதும் பாக்குச் சீவும்போதும் படிக்கிறார். பெருங்காப்பியத்தில் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

பெரியவரிடம் மறுபடி போனேன். பெரியம்மா சொன்னதை அப்படியே சொல்லவில்லை. அது அவருடைய விசயம். கெஞ்சுவது அம்மாளுக்குக் குறை என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பாண்டியனைக் கெஞ்சினால் குறை. தன் வீட்டு ஆளைப் போகாதே என்று மறிப்பது கெஞ்சலா? அது நடந்திருந்தால்தானே அவள் கொதித்ததற்கு முழு அர்த்தம்? எங்கள் ஊரில் வருடா வருடம் அவளைக் குளிரவைக்கிறோம். எது அவளைச் சுட்டது என்று படிக்கிற பாட்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டுமா? அவர் பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றதும் சரி. ஆனா ஏட்டில இல்லாதத வாசல்ல படிக்க ஏலாது மகள். வீட்டில படிக்கட்டும், நானும் வந்து கேக்கிறன்” என்றார். சொன்னபடி வந்தும் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, மெட்டு நல்லது என்றார். வாசல் விசயத்தில் அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. இந்த வைகாசியிலும் இருவரும் இதைப் பேசத்தான் போகிறோம்.

அவர் கேட்ட அன்றுதான் நானும் பாட்டை முழுதாகப் பதிவு செய்தேன். அதில் ஒரு கண்ணி வருகிறது: போவதென்றால் தரைவழி வேண்டாம், ஆத்துத் தோணியில் ஏறி, பொழுது சாயுமுன் இக்கரைக்கு வந்துவிடுங்கள் என்று கண்ணகை சொல்கிறாள். நான் பார்த்த அச்சுப் புத்தகத்தில் அந்தக் கண்ணி இல்லை. மேற்குக் கரையான படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் தோணியில் போய்வந்த யாரோதான் அதைச் சேர்த்திருக்க வேண்டும். பெரியம்மாதான் சேர்த்தாரோ என்று கேட்டேன். இல்லை, தன் தாய் அப்படித்தான் படித்தார் என்கிறார். அப்படியென்றால் 1990க்கு மிக முன்பே இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பாட்டைத் தங்கள் ஆற்றுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கரதாஸின் நாடகங்களுக்கு இது புதிதும் அல்ல. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடியவிடிய நடத்த முடிகிறது என்றால், எல்லோருக்கும் அவர் பாடம் பொதுவாகத் தெரிந்திருப்பதாலும், அதற்குள் அவரவர் சேர்த்துக்கொள்ள இடமிருப்பதாலும்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய நாடகக் கொப்பிகள் இருந்தன. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் படித்தவர்கள் மையால் எழுதி வைத்தவை. 1978 சூறாவளியிலும் 2004 கடல்கோளிலும் போனவை போக, இடையில் வீடு விட்டு ஓடியபோது விட்டுப்போனவை போக, இன்னும் சில அலுமாரிகளிலும் பெட்டகங்களிலும் இருக்கக்கூடும். களுதாவளையிலிருந்து அக்கரைப்பற்று வரை யாருடைய வீட்டிலாவது கோவலன் பாட்டு எழுதிய கொப்பி இருந்தால், மாரி தொடங்குமுன் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த பெரியம்மாக்கள் இருந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். தோணிக் கண்ணி அதில் எங்காவது இருந்தால், எந்த ஊரில், யாரிடம் கேட்டுப் பாடமானது என்று கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.